சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கு: மாதிரிப் பக்கம் முதல் அட்டை வரை ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சொந்தச் செலவில் புத்தகம் போடுவது நெடுநாள் வழக்கம். மணிவிழாவுக்கு ஒரு மலர், குடமுழுக்குக்கு ஒரு தலவரலாறு, ஐயா பர்மாவிலிருந்து எழுதிய கடிதங்கள், அப்பத்தா கைப்பட எழுதிவைத்த பலகாரக் குறிப்புகள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கவிதைகள் என்று வருடம் முழுக்க ஏதாவது அச்சாகிக்கொண்டே இருக்கிறது. அழகாகப் புத்தகம் போடுவதும் இந்த மண்ணுக்குப் பழகிய காரியம்தான். நல்ல அச்சும் மலிவு விலையும் சேர்ந்தே வரலாம் என்று சக்தி காரியாலயம் மூலம் செய்துகாட்டிய வை. கோவிந்தன் ராயவரத்துக்காரர். பழைய அச்சுப் புத்தகங்களைத் தேடித்தேடிச் சேர்த்த ரோஜா முத்தையா கோட்டையூர்க்காரர்.

இப்படி வரும் புத்தகங்கள் பலவற்றில் விஷயம் அருமையாக இருக்கிறது, பக்கம்தான் படிக்கவிடுவதில்லை. எழுத்து பொடியாக இருக்கும். வரியின் கடைசி இரண்டு எழுத்து நடுமடிப்புக்குள் போயிருக்கும். சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழுந்திருக்கும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: எல்லோரும் அட்டையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அட்டை கடைசி வேலை. முதலில் முடிவாக வேண்டியது எதிரெதிரே இருக்கும் இரண்டு பக்கங்கள். அவை சரியாக அமைந்தால் பக்க எண்ணிக்கை தெரியும், அதை வைத்துத் தாளும் கட்டும் முடிவாகும், அதற்குப் பிறகே முதுகின் தடிமனும் அட்டையும் வரும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

முதலில் அளவு

யார் படிப்பார்கள், எங்கே வைத்துப் படிப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொடர்ந்து படிக்கிற உரைநடைக்கு டெமி 1/8, அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலம், போதும். கவிதைக்கும் சிறிய கதைத்தொகுப்புக்கும் கிரவுன் 1/8 கைக்கு அடக்கமாக இருக்கும். அகலம் ஏறக்குறைய 12 செ.மீ., உயரம் 18 செ.மீ. சமையல் புத்தகமும் படங்கள் நிறைந்த விழா மலரும் அதைப்போல இரு மடங்கான கிரவுன் 1/4 கேட்கும். மலர் என்றதும் இன்னும் பெரிய அளவைச் சிலர் கேட்பார்கள். அது புத்தக அலமாரியில் நிற்காமல் பரணுக்குப் போய்விடும் என்பதால் நான் தடுத்துவிடுவேன்.

கோப்பைச் சுத்தம் செய்வது

பொறுமை வேண்டிய கட்டம் இது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் டி.டி.பி. கடையில் தட்டச்சு செய்த கோப்பு உங்களிடம் இருந்தால், அது பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற ஏதாவது ஒரு பழைய எழுத்துமுறையில் இருக்கும். அதை அப்படியே அச்சுக்குக் கொடுக்காமல் யூனிகோடுக்கு மாற்றுங்கள். தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடைத் தமிழுக்கான தரமாக ஏற்றுக்கொண்டது. யூனிகோடில் இருந்தால்தான் நாளைக்கு அதே கோப்பை மின்னூலாக்க முடியும், தேட முடியும், இன்னொருவர் கணினியில் திறக்க முடியும்.

மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மாற்றியதும் வேலை முடிந்துவிடாது. இந்த நான்கையும் கட்டாயம் தேடிப் பாருங்கள்:

- 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒ', 'ள' இரண்டும் தனித்தனியாக நிற்கும். 'கௌரி' என்பது 'கெளரி' ஆகியிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடும்போதுதான் குட்டு உடையும்.
- துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' உட்கார்ந்திருக்கும்.
- 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் பிரிந்து, வட்டக் குறியோடு காட்சி தரும்.
- 'ஸ்ரீ' இரண்டு விதமாகக் குறியேறியிருக்கும். இந்த ஊரில் ஸ்ரீ இல்லாத புத்தகமே கிடையாது என்பதால், ஒரே வடிவத்தைத் தேர்ந்தெடுத்து முழுவதும் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது வேர்டு கோப்பின் ஒழுங்கு. அடுத்த பக்கம் போக எண்டர் விசையைப் பத்துத் தடவை தட்டியிருந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பக்க முறிவு ஒன்றை வையுங்கள். பத்தியின் முதல் வரியை உள்தள்ள இடைவெளிக் கட்டையை அழுத்தாதீர்கள், பத்தி அமைப்பிலேயே உள்தள்ளலைக் கொடுங்கள். அத்தியாயத் தலைப்பு, உட்தலைப்பு, உடற்பகுதி, மேற்கோள் என்று நான்கு ஸ்டைல் போதும். வேர்டில் தமிழ் 'காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்' வகையில் சேரும். எழுத்துருவையும் அளவையும் அந்தப் பெட்டியில் மாற்றாவிட்டால், ஆங்கில எழுத்து மாறும், தமிழ் அப்படியே நிற்கும். "அளவை மாற்றினேன், மாறவே இல்லை" என்று வருகிற புகாரில் பாதி இதனால்தான்.

மாதிரிப் பக்கம்

இப்போது உங்கள் புத்தகத்தின் நடுவிலிருந்து இரண்டு பக்கத்துக்கான பகுதியை எடுங்கள். முதல் அத்தியாயத்தின் தொடக்கம் வேண்டாம், அங்கே தலைப்பு பாதி இடத்தை எடுத்துக்கொள்ளும். உரையாடலோ நீண்ட பெயர்களோ வருகிற பகுதியாக இருந்தால் இன்னும் நல்லது.

எழுத்துரு: கணினியோடு வந்த லதாவை விட்டு வெளியே வாருங்கள். அது திரைக்கு ஏற்ற எழுத்து. நோட்டோ செரிஃப் தமிழ், டிரோ தமிழ் இரண்டும் நீளப் படிக்க நன்றாக இருக்கின்றன. தலைப்புக்கு முக்தா மலர், கட்டமரன், அனேக் தமிழ் போன்றவை பொருந்தும். இவை எல்லாமே திறந்த உரிமத்தில் கிடைப்பதால், அச்சில் பயன்படுத்தக் கட்டணமோ அனுமதியோ தேவையில்லை. ஒரு புத்தகத்துக்கு இரண்டு எழுத்துரு போதும். அத்தியாயத்துக்கு ஒன்று என்று மாற்றினால் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிடும்.

அளவு: டெமியில் 11 புள்ளி (பாயின்ட்) எழுத்துக்கு 15 அல்லது 16 புள்ளி வரியிடைவெளி. தமிழ் எழுத்துக்கு மேலே விசிறியும் புள்ளியும், கீழே உகரச் சுழிப்பும் வருவதால், ஆங்கிலப் புத்தகத்துக்குப் போதுமான இடைவெளி நமக்குப் போதாது. படிக்கப்போகிறவர்களில் அறுபதைத் தாண்டியவர்கள் அதிகம் என்றால் 12 அல்லது 12.5 புள்ளி வையுங்கள், வரியிடைவெளி 17. ஒரே எண்ணிக்கை எல்லா எழுத்துருவிலும் ஒரே பருமனாக இருக்காது. அதனால் எண்ணை நம்பாமல் அச்சிட்ட தாளைப் பாருங்கள்.

ஓரம்: உள் ஓரம், அதாவது கட்டுப் பக்கம், 20 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். வெளி ஓரம் 14 அல்லது 15. கீழ் ஓரம் மேல் ஓரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பிடிக்கிற விரல் எழுத்தை மறைக்காது. தடித்த புத்தகமாக இருந்து, தைக்காமல் வெறும் பசையில் ஒட்டுவதானால், உள் ஓரத்தை இன்னும் 3 மி.மீ. கூட்டுங்கள்.

அடுத்து இருபக்கமும் சமமாக நிறுத்துவது. 'எடுத்துக்கொண்டிருந்தார்கள்' போன்ற நீண்ட சொல் வரிக்கடைசியில் நுழைய முடியாமல் அடுத்த வரிக்குப் போனால், மிஞ்சிய மூன்று நான்கு சொற்களை மென்பொருள் இழுத்து நிரப்பும். அந்த ஓட்டை இடைவெளி அப்படித்தான் விழுகிறது. நம் பழைய அச்சுக்கோப்பாளர்கள் இதற்கு எளிய வழி வைத்திருந்தார்கள். எந்தக் கோடும் போடாமல் சொல்லை வரிக்கடைசியில் உடைத்துவிடுவார்கள். 'எடுத்துக்' இந்த வரியில், 'கொண்டிருந்தார்கள்' அடுத்த வரியில். இதையே இப்போதும் செய்யலாம். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் 'டிஸ்கிரீஷனரி லைன் பிரேக்' என்ற குறி இதற்காகவே இருக்கிறது. உடைக்கும்போது இரண்டு விதியை மீறாதீர்கள்: புதிய வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது, இரண்டு பக்கமும் ஓர் எழுத்து மட்டும் தனியாகத் தொங்கக் கூடாது. இந்த வேலையைக் கடைசிக் கட்டத்தில், அச்சுக்கான கோப்பில் மட்டும் செய்யுங்கள். மின்னூலுக்கான கோப்பில் இந்தக் குறிகள் இருந்தால் தேடல் குழம்பும். கவிதைக்கும் கிரவுன் அளவுக்கும் இடப்பக்கம் மட்டும் சீராக நிறுத்தினாலே அழகு. எல்லாம் சமமாக நின்றால்தான் புத்தகம் என்று கட்டாயமில்லை.

இன்டிசைனில் தமிழ் எழுத்துகள் சிதறி, கொம்பு இடம் மாறித் தெரிந்தால் பதற வேண்டாம். பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' தேர்வானால் சரியாகிவிடும். பழைய பேஜ்மேக்கரில்தான் கட்டுவேன் என்று கடைக்காரர் சொன்னால், வேறு கடை பாருங்கள்.

இப்படி அமைத்த இரண்டு பக்கத்தையும் அச்சு அளவிலேயே எடுத்து, புத்தக அளவுக்கு வெட்டி, வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கொடுங்கள். பகல் நேரத்தில் முற்றத்தில் உட்கார்ந்து படிக்கட்டும், இரவில் விளக்கின் கீழும் படிக்கட்டும். தாளை முகத்துக்கு அருகே கொண்டுபோகிறாரா, ஒரே வரியைத் திரும்பப் படிக்கிறாரா என்று கவனியுங்கள். அருகே கொண்டுபோனால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். வரி தவறினால் வரியிடைவெளியைக் கூட்டுங்கள்.

நம் வட்டாரப் புத்தகங்களுக்கு மட்டும் வருகிற சிக்கல்கள்

விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் வரும் முன்னோர் பெயர்ச் சுருக்கம். 'ராம. அரு. சித.' என்று மூன்று நான்கு எழுத்துக்கூட்டு முன்னால் நிற்க, பெயர் பின்னால் வரும். இடைவெளி விட்டு அடித்தால் 'ராம. அரு.' ஒரு வரியிலும் 'சித.' அடுத்த வரியிலும் போய் விழும். குடும்ப வரலாற்றில் இது பக்கத்துக்குப் பக்கம் நடக்கும். விலாசத்தை இடைவெளியே இல்லாமல் 'ராம.அரு.சித.' என்று சேர்த்து அடித்து, அதற்கும் பெயருக்கும் நடுவே பிரியா இடைவெளி கொடுங்கள். வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், இடைவெளிக் கட்டை மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது விழும்.

வம்சாவளி. ஒரே மரமாக மடித்துச் செருகும் பெரிய தாளாகப் போட எல்லோருக்கும் ஆசை. மடிப்பில் கிழிந்து முதலில் காணாமல் போவது அந்தத் தாள்தான். கிளைக்கு ஒரு விரிபக்கம், அதாவது எதிரெதிரே இருக்கும் இரண்டு பக்கம், என்று பிரித்துவிடுங்கள். பாட்டனார் பெயரையே பேரனுக்கு வைப்பதால், ஒரே பெயர் நான்கு தலைமுறையில் மூன்று முறை வரும். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, உரையிலும் அந்த எண்ணைக் குறிப்பிட்டால் குழப்பம் தீரும். சுவீகாரம் போனவர்களை இரண்டு கிளையிலும் காட்டி, ஓரிடத்தில் புள்ளிக்கோடு போடுங்கள். வாழ்கிறவர்களின் பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி எண் புத்தகத்தில் வேண்டாம்.

பேரேடும் கடிதமும். பழைய கணக்கில் ௹, ௵, ௴, ௳ போன்ற குறிகளும் தமிழ் எண்களும் வரும். இவற்றுக்கு யூனிகோடில் இடம் உண்டு. முக்கால், அரைக்கால், மாகாணி போன்ற பின்னக் குறிகள் 2019-ல் யூனிகோடு 12.0 வெளியானபோது சேர்ந்தன. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் எழுத்துருவில் அவை கிடைக்கும். தலைமுறைக்கு ஒருமுறை கையில் வரும் ஆவணம் இது, குறிகளை 'ரூ.' என்று சுலபமாக மாற்றிவிடாதீர்கள். அதே சமயம், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை, னை, றா வடிவங்களை உரை முழுவதும் கொண்டுவர முயன்றால், இளையவர்கள் படிக்கத் திணறுவார்கள். உரையை இன்றைய எழுத்தில் கொடுத்து, மூலத்தின் ஒரு பக்கத்தைப் படமாக எதிரே வையுங்கள். மேலே 'உ' போட்டு 'சிவமயம்' என்று தொடங்கும் அந்தக் கையெழுத்துப் பக்கம் உரையைவிட அதிகம் பேசும்.

சமையல் குறிப்பு. அடுப்பங்கரையில் விரித்து வைக்கப்படும் புத்தகம் என்பதை மறக்க வேண்டாம். ஒரு பலகாரம் ஒரு விரிபக்கத்துக்குள் முடிய வேண்டும். மாவுக் கையோடு பக்கம் திருப்ப முடியாது. இடப்பக்கம் சாமான், வலப்பக்கம் செய்முறை. 'அரிசி 2 ஆழாக்கு' என்று அப்பத்தா எழுதியதை அப்படியே வைத்து, புத்தகத்தின் முதலில் ஓர் அளவு அட்டவணை கொடுங்கள்: 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. வீட்டு ஆழாக்கில் தண்ணீர் அளந்து, அது எத்தனை மில்லி என்று நீங்களே பார்த்து எழுதினால் வெள்ளைப் பணியாரம் சென்னையிலும் சரியாக வரும்.

படங்கள்

பழைய ஸ்டூடியோப் படங்களைச் செல்பேசியில் எடுக்காமல் 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். அச்சில் வரும் அளவில் 300 டி.பி.ஐ. நிற்க வேண்டும். உறவினரிடம் படம் வாங்கும்போது வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். புத்தகங்களுக்கு வழக்கமாகப் போடும் பூச்சில்லாத மேப்லித்தோ தாள் மையைக் குடிக்கும், திரையில் நன்றாகத் தெரிந்த படம் அதில் கறுத்துப் போகும். நடுத்தர நிழல்களைச் சற்று வெளிறவைத்துக் கொடுங்கள். படம் அதிகம் இருந்தால் அவற்றை மட்டும் 130 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) பளபளப்பான ஆர்ட் தாளில் தனிப் பகுதியாக நடுவில் சேர்ப்பது நல்லது. குழுப்படத்துக்கு 'இடமிருந்து வலம்' என்று பெயர்கள் கட்டாயம் வேண்டும். தெரியாத முகத்துக்கு 'பெயர் தெரியவில்லை' என்று எழுதுங்கள். புத்தகம் வெளிவந்த பிறகு யாராவது அடையாளம் சொல்வார்கள்.

முன்பக்கங்கள்

வலப்பக்கம் எப்போதும் ஒற்றைப்படை எண். முதலில் தலைப்பு மட்டும் உள்ள பக்கம், பிறகு ஆசிரியர் பெயரோடு முழுத் தலைப்புப் பக்கம், அதன் பின்புறம் நூல் விவரம், பிறகு காணிக்கை, பொருளடக்கம், அணிந்துரை, என்னுரை. இரண்டு அணிந்துரைக்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஏழு வாழ்த்துரையைத் தாண்டி உள்ளே வருவதற்குள் வாசகர் களைத்துவிடுவார். மனம் நோகாமல் இருக்க, மற்றவர்களின் வாழ்த்தைச் சுருக்கி நன்றிப் பக்கத்தில் சேருங்கள்.

நூல் விவரப் பக்கத்தில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு மாதமும் ஆண்டும், உரிமை, பக்கங்கள், அளவு, தாள், எழுத்து, விலை, அச்சகம், வெளியிட்டவர் முகவரி எல்லாம் வர வேண்டும். ஆண்டே இல்லாமல் வரும் குடும்ப மலர்கள் நிறைய. முப்பது வருடம் கழித்து நூலகத்தில் பட்டியலிடுகிறவருக்கு அந்த ஒரு வரிதான் பிடி. ஐ.எஸ்.பி.என். என்ற உலகளாவிய நூல் அடையாள எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அச்சுப் பதிப்புக்கு ஓர் எண், மின்னூலுக்கு இன்னொன்று. பின்னட்டையில் பட்டைக்குறி வர வேண்டியிருப்பதால் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.

பாரமும் தாளும் கட்டும்

டெமியில் 11 புள்ளிக்கு ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 200 முதல் 230 சொல் கொள்ளும். 40,000 சொல் என்றால் 190 பக்கத்தை ஒட்டி வரும். ஆஃப்செட் அச்சில் 16 பக்கம் ஒரு பாரம். 11 பாரம் 176 பக்கம், 12 பாரம் 192. உங்கள் புத்தகம் 179-ல் முடிந்தால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு பாரம் ஓட்ட வேண்டிவரும். அத்தியாயம் தொடங்கும் இடத்தில் மேலே விடும் வெற்றிடத்தைக் குறைத்து 176-க்குள் கொண்டுவரலாம், அல்லது வரியிடைவெளியைத் தாராளமாக்கி 192-ஐ நிரப்பலாம். எழுத்தைச் சிறிதாக்கி மட்டும் பக்கத்தைக் குறைக்காதீர்கள். நூறு இருநூறு பிரதிதான் வேண்டும் என்றால் டிஜிட்டல் அச்சு போதும், அங்கே பாரக் கணக்கு இவ்வளவு இறுக்கமாக இராது.

தாளுக்கு 70 அல்லது 80 ஜி.எஸ்.எம். நேச்சுரல் ஷேடு மேப்லித்தோ. பளீரென்ற வெள்ளையைவிட இந்த இளம் பழுப்பு கண்ணுக்கு இதம். பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கட்டில் என் முதல் விருப்பம் தையல். பசைக்கட்டு மலிவுதான், அடிக்கடி விரிக்கிற புத்தகத்துக்கு அது தாங்காது. சமையல் புத்தகத்துக்கு வயர் கட்டு வைத்தாலும் தப்பில்லை.

அட்டை

பக்கமும் தாளும் முடிவான பிறகு, அதே தாளில் அதே பக்கத்துக்கு வெற்றுப் புத்தகம் ஒன்று கட்டித் தரச் சொல்லி, முதுகை அளந்து வடிவமைப்பாளரிடம் கொடுங்கள். 80 ஜி.எஸ்.எம். தாளில் 200 பக்கத்துக்கு ஏறக்குறைய 10 மி.மீ. வரும். நாலாபுறமும் 3 மி.மீ. வெட்டுக்கு விடுங்கள். தலைப்பு ஆறடி தள்ளி நின்றாலும் படிக்கக் கிடைக்க வேண்டும், செல்பேசித் திரையில் நகக்கண் அளவுக்குச் சுருங்கினாலும் தெரிய வேண்டும்.

செட்டிநாடு என்றதும் ஆத்தங்குடிக் கல்லும் முகப்புத் தூணும் அட்டைக்கு வந்துவிடுகின்றன. புத்தகம் வீட்டைப் பற்றியது என்றால் சரி. கடிதத் தொகுப்புக்கு அந்தக் கடிதத்தின் உறையையே போடுங்கள், தபால் முத்திரையோடு. அட்டை 300 ஜி.எஸ்.எம்., பூச்சு மேட் லேமினேஷன். சமையல் புத்தகத்துக்கு மட்டும் கிளாஸ், துடைக்கலாம்.

அச்சுக்கு அனுப்புமுன்

மெய்ப்பை இரண்டு பேர் பார்க்கட்டும், அதில் ஒருவர் புத்தகத்தை இதற்கு முன் படிக்காதவராக இருக்கட்டும். தாளில் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். பொருளடக்கத்தின் பக்க எண்கள், படக்குறிப்புகள், அத்தியாயத் தலைப்புகள் மூன்றையும் தனியாக ஒருமுறை சரிபாருங்கள். திருத்தம் நடந்த பக்கத்தில் மட்டுமல்ல, அதற்கு அடுத்த பக்கத்திலும் வரி நகர்ந்திருக்கும். அச்சகத்துக்குப் பி.டி.எஃப். மட்டும் கொடுங்கள், எழுத்துருக்கள் அதற்குள் பொதிந்திருக்க வேண்டும். வேர்டு கோப்பைக் கொடுத்தால் அங்குள்ள கணினியில் வரிகள் வேறு மாதிரி ஓடும். உரை தனிக் கறுப்பிலும் வண்ணப் படங்கள் அச்சுக்கான நான்கு வண்ண முறையான சி.எம்.ஒய்.கே.யிலும் இருக்கட்டும். முழு அச்சுக்கு முன் ஒரே ஒரு பிரதியைக் கட்டித் தரச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்ல வேண்டும்.

மின்னூலுக்கு இந்தப் பி.டி.எஃப். உதவாது. சுத்தம் செய்த வேர்டு கோப்புக்குத் திரும்பி, அதிலிருந்து ஈபப் என்ற மின்னூல் கோப்பை எடுங்கள். தலைப்பு ஸ்டைல்களை ஒழுங்காக வைத்திருந்தால் பொருளடக்கம் தானாக உருவாகும். எழுத்தளவையும் எழுத்துருவையும் வாசகர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். கிண்டில் தமிழை ஏற்கிறது, அட்டைப்படம் 1600க்கு 2560 பிக்சல். விற்பனை நோக்கமே இல்லை, எல்லோரும் படித்தால் போதும் என்றால் யாரும் பகிரலாம் என்று அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் கொடுக்கலாம்.

அச்சான பிறகு ஒரு சட்டக் கடமை உண்டு. 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை, தில்லி நூலகங்கள் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பிரதி உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். கூடவே சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் ஒன்று அனுப்புங்கள். இறுதிக் கோப்பு, எழுத்துருக்கள், படங்கள், பி.டி.எஃப். எல்லாவற்றையும் ஒரே உறையில் சேர்த்து உங்களிடம் ஒன்றும் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளில் ஒருவரிடம் ஒன்றும் வையுங்கள். இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் சொல்லி எழுதுகிறவர்களின் கடிதங்களையும் அதே உறையில் போட்டுக்கொண்டே வாருங்கள்.